பிரெஞ்சில் 'பாப்பம்' சொன்ன கதை

1

பதிவுத் தபால் வந்திருக்கிறது என்று கடைக் கதவில் ஒரு துண்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மொன்றியலில் எங்கள் பக்கத்துத் தபால் கந்தோர் ஒரு மருந்துக்கடையின் பின்மூலையில் இருக்கிறது. இருமல் பாணிக்கும் வயிற்றோட்டக் குளிசைக்கும் நடுவில் வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, கண்ணாடித் துண்டு ஒன்றில் விரலால் கையெழுத்துப் போட்டுத்தான் கடிதத்தை வாங்க வேண்டும். தபாலையும் மருந்தையும் ஏன் ஒன்றாக வைத்திருக்கிறார்கள் என்று இத்தனை வருடமாக எனக்கு விளங்கவில்லை. அன்று கடிதத்தை அங்கேயே நின்று வாசித்தேன். வாசித்து முடித்ததும் தலையிடிக் குளிசை ஒரு பெட்டி வாங்கினேன்.

கடிதம் பிரெஞ்சில் இருந்தது. மகளின் உதவியும் அகராதியும் இல்லாமல் நான் வாசித்து விளங்கிக்கொண்ட முதல் பிரெஞ்சுக் கடிதம் அது. ஏழு மாதம் வகுப்புக்குப் போனதற்குக் கிடைத்த பலன் என்று பெருமைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அதில் எழுதியிருந்தது இதுதான்: "அன்புள்ள ஐயா, சென்ற வாரம் நாம் கதைத்தபடி, யூன் மாத முடிவில் கடையை விட்டுத்தரச் சம்மதித்ததற்கு மிக்க நன்றி. கீழே கையொப்பமிட்டுப் பத்து நாளில் திருப்பி அனுப்பவும்." அடியில் கட்டிடச் சொந்தக்காரி மதாம் லூசியெனின் கையெழுத்து அழகாகச் சுழித்துக்கொண்டு இருந்தது.

நான் சம்மதிக்கவே இல்லை. ஆனால் சம்மதிக்கவில்லை என்றும் நான் சொல்லவில்லை. அங்கேதான் சிக்கல்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு என்னை அறிமுகப்படுத்த வேண்டும். நான் புங்குடுதீவு. எங்கள் ஊரார் எந்த நாட்டில் இறங்கினாலும் முதலில் தேடுவது ஒரு கடைமுகப்பைத்தான் என்று மற்ற ஊர்க்காரர் பகிடி பண்ணுவார்கள். பகிடியில்லை, உண்மை. மொன்றியலில் பதினேழு வருடமாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அரிசி, மா, கருவாடு, நாங்களே வறுத்து அரைக்கிற மிளகாய்த்தூள் எல்லாம் உண்டு.

இந்த நகரத்தில் இரண்டு மொழி. வாசலில் நிற்கிற சனத்தோடு ஆங்கிலத்தில் சமாளிக்கலாம், விரலாலும் சமாளிக்கலாம். அரசாங்கக் கடிதங்களும் மதாம் லூசியெனும் மட்டும் பிரெஞ்சைத் தவிர வேறெதையும் ஏற்றுக்கொள்ளாதவர்கள். மதாமுக்கு இப்போது எழுபத்தைந்து வயது இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடைக்கு வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்து, ஏதாவது கேட்டுவிட்டுப் போவார். அவர் கேட்பதை எனக்கும் நான் சொல்வதை அவருக்கும் மொழிபெயர்த்தவள் என் மகள் ஆரணி.

கடை திறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்டபடி எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பாள். தமிழில் சாப்பிட்டு, பிரெஞ்சில் கோபிக்கிற பிள்ளை. நான் இரண்டு நிமிடம் விரிவாகச் சொல்வதை அவள் ஒரு சொல்லில் மதாமிடம் சொல்லி முடித்துவிடுவாள். பிரெஞ்சு நல்ல சுருக்கமான மொழிபோல என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் ஆரணிக்கு ஒட்டாவாவில் வேலை கிடைத்தது. போகிறபோது என்னைப் பிடித்து இருத்தி வைத்துச் சொன்னாள்.

"அப்பா, இனி மதாம் வந்தா நான் ஓடி வர ஏலாது. நீங்கள் வகுப்புக்குப் போங்கோ. காசும் இல்லை, அரசாங்கமே படிப்பிக்குது."

"பாப்பம்," என்றேன்.

"பாக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. நான் உங்கடை பேரைப் பதிஞ்சிட்டன்."

3

வகுப்பு ஒரு ஆரம்பப் பாடசாலையில், மாலை ஆறு மணிக்கு. கதிரைகள் ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தவை. அதில் இருந்தால் முழங்கால் நாடிக்கு வரும். படிப்பித்தவர் இசபெல் என்ற இளம் பெண். என் மேசையில் பக்கத்தில் இருந்தவர் ரஹ்மான், வங்காளதேசத்து ராக்சிக்காரர். இருபது வருடமாகப் பிரெஞ்சுக்காரரை ஏற்றி இறக்கியும் "இடது", "வலது", "நேரே" தவிர வேறெதுவும் தனக்குத் தேவைப்படவில்லை என்று கவலைப்படுவார்.

இரண்டாம் வாரம் இசபெல் ஒவ்வொருவராகக் கேட்டார், "உங்களிடம் நாய் இருக்கிறதா?" இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை என்று முழு வசனமாகச் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. எங்கள் வீட்டில் நாய் இல்லை. அதை எப்படிச் சொல்வது என்றும் தெரியும், பலகையிலேயே எழுதியிருந்தது. ஆனால் வாய் வரவில்லை. நான் சொன்னது, "நாளைக்கு வரும்."

இசபெல் மகிழ்ந்துபோனார். அடுத்த வகுப்பில் முதல் வேலையாக, "நாய் வந்துவிட்டதா?" என்றார். "வந்துகொண்டிருக்கிறது," என்றேன். அதற்கடுத்த வாரம் என்ன நிறம் என்று கேட்டார். நிறங்கள் படித்த வாரம் அது, அதனால் மண்ணிறம் என்றேன். நான்காவது வாரம், இறந்துபோன தன் நாயின் கழுத்துப்பட்டியையும் சாப்பாட்டுக் கிண்ணத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கண் கலங்கக் கையில் தந்தார். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லுவதெப்படி?

வீட்டில் மனைவி சிவமலர் பையைத் திறந்து பார்த்தாள்.

"இதென்ன?"

"ரீச்சர் தந்தவ."

"நாய் எங்கை?"

"அது வரும்," என்றேன், பழக்கதோஷத்தில்.

4

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் கடைக்குள் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்வதில்லை. அப்பா தெற்கில் ஒரு சிங்கள ஊரில் முப்பது வருடம் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறையில் நான் போய் நிற்பேன். காலையில் முதல் ஆள் வந்து மண்ணெண்ணெய் கேட்டால், பீப்பா காய்ந்து கிடந்தாலும் அப்பா இல்லை என்று சொல்லமாட்டார். "நாளைக்கு வருகுது, இப்ப நல்ல பருப்பு வந்திருக்கு," என்று சிங்களத்தில் சொல்லுவார். மண்ணெண்ணெய்க்கு வந்தவன் பருப்போடு போவான். அப்பா அந்த மொழியை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை, மேசைக்கு முன்னால் நின்ற சனத்திடம் படித்தார். ஒரு மறுப்புக்கூட இல்லாமல் ஒரு மொழியைச் சரளமாகப் பேசிய மனிதர் அவர்.

கலவரத்தில் அந்தக் கடையை எரித்த பிறகு ஊருக்கு வந்தவரிடம் அயலவர்கள், கடை போய்விட்டதோ என்று கேட்டபோதும் அவர் இல்லை, ஓம் எதுவும் சொல்லவில்லை. "சும்மா, கொஞ்ச நாள் நிண்டிட்டுப் போவம் எண்டு வந்தனான்," என்றார். திரும்பிப் போகவே இல்லை.

இப்போதும் ஊரில் அது மாறவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் மூவரும் நயினாதீவு கோயிலுக்குப் போக குறிகட்டுவானில் படகுக்கு நின்றோம். ஆரணி தேத்தண்ணிக்கடையில் வடை இருக்கோ என்று கேட்டாள்.

"இப்ப வந்திடும், தங்கச்சி," என்றார் கடைக்கார அண்ணை.

அவள் நின்றாள். படகுக்காரர் கூப்பிட்டார்கள். "வடை எத்தினை மணிக்கு வரும் அண்ணை?" என்றாள். "வந்துகொண்டிருக்கு." படகு போய்விட்டது. அடுத்த படகு வரும் வரைக்கும் வடை வரவில்லை. சட்டியே அடுப்பில் இருக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தோம்.

"இவரும் உங்களைப் போலத்தான் அப்பா," என்றாள் ஆரணி. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

5

இனி அந்தப் பங்குனி மாத நாளுக்கு வருகிறேன். மதாம் லூசியென் கடைக்கு வந்தார், கூடவே ஒரு இளைஞர். மருமகன் லூக் என்று அறிமுகப்படுத்தினார். சுவரைத் தட்டவில்லை, குழாயைத் திறக்கவில்லை. நேரே என்னிடம் வந்து மெதுவாக, எனக்காகவே மெதுவாக, பேசினார். வாடகை ஒப்பந்தம் யூனில் முடிகிறது. லூக் இந்த இடத்தில் கோப்பிக்கடை போட ஆசைப்படுகிறான். உங்களுக்கும் வயதாகிறது. இடத்தை அவனுக்கு விட்டுத்தருவீர்களா?

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்வேன்! பதினேழு வருடத்தில் முதல்முறையாக மதாம் என்னோடு நேரே கதைக்கிறார், நான் நேரே விளங்கிக்கொள்கிறேன். அந்தச் சந்தோசத்தில், என்ன கேட்கப்பட்டது என்பது பின்னால் போய்விட்டது. இசபெல் படிப்பித்ததிலே எனக்கு மிகவும் பிடித்த வசனம் "ஓன் வா வ்வார்". நம்முடைய 'பாப்பம்'. அதைச் சொன்னேன். மேலே "இருக்கலாம்" என்றேன். "அடுத்த கிழமை" என்றேன். ஒரு பை முறுக்கையும் கையில் கொடுத்தேன். மதாம் என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். லூக் என் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினான்.

பின்னால் அரிசி மூட்டை பிரித்துக்கொண்டிருந்த சிவமலரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இஞ்சரும், மதாமோடை நான் தனியக் கதைச்சனான். முழுக்கப் பிரெஞ்சிலை."

"என்ன கேட்டவ?"

"கடையை விடச் சொல்லிக் கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நல்ல வடிவாச் சொன்னனான். பாப்பம் எண்டு."

சிவமலர் அரிசி மூட்டையிலேயே இருந்துவிட்டாள். அடுத்த வாரம்தான் மருந்துக்கடையில் அந்தக் கடிதம் வந்தது.

6

பத்து நாள் இருந்தது. ஆரணி ஒட்டாவாவிலிருந்து தொலைபேசியில், "நான் எடுத்துக் கதைக்கிறன்," என்றாள். சிவமலரும் அதையேதான் சொன்னாள். கடை போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. ஐம்பத்தெட்டு வயதில் எவன் வேலை தருவான்? அந்த இடத்தை விட்டுப் புது இடத்துக்குப் போனால் இத்தனை வருடத்து வாடிக்கையாளர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். ஆனாலும் நானே போகிறேன் என்றேன். வாயால் கெடுத்ததை அதே வாயால்தான் சரிப்படுத்த வேண்டும் என்று ஒரு ரோசம்.

வகுப்பில் இசபெலிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் அன்றைய பாடத்தை மூடிவைத்துவிட்டார். ரஹ்மான் மதாமாக நடிக்க வேண்டும், நான் மறுக்க வேண்டும். ரஹ்மான் தோளில் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு, "ஐயா, கடையைத் தருவீர்களா?" என்று அவ்வளவு அன்பாகக் கேட்டதில், நான் முதல் தடவை கடையைக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் தடவை, "இன்றைக்கு இல்லை," என்றேன். அது மறுப்பில்லை, தவணை என்றார் இசபெல். மூன்றாம் தடவை மறுத்தேன், ஆனால் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். தலை வேறு கதை சொல்கிறது என்றார்கள் எல்லோரும். அன்று மட்டும் கடை ஐந்து தடவை கைமாறியது. ஆறாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு "நோன்" என்று கத்தினேன். வகுப்பே கைதட்டியது. நாய் விசயத்தையும் அன்றே சொல்லிவிடலாமோ என்று யோசித்தேன், ஒரு நாளைக்கு ஒரு மறுப்புப் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் மதாம் வீட்டுக்குப் புறப்பட்டேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது எப்படி என்று அலுமாரியில் இருந்த பயற்றம் பணியாரத்தை எடுத்தேன். சிவமலர் பறித்து வைத்தாள்.

"ஒண்டும் கொண்டு போக வேண்டாம். கையிலை பலகாரம் இருந்தா நீங்கள் கடையையும் சேத்துக் குடுத்திட்டு வருவீங்கள்."

7

மதாம் கதவைத் திறந்தார். நான் கதிரையில் இருக்கவில்லை, இருந்தால் கோப்பி தருவார், கோப்பி குடித்தால் மறுக்க முடியாது. நின்றபடியே, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, சிரிக்காமல் சொன்னேன்: "நோன், மதாம். நான் கடையை விடமாட்டேன். கையெழுத்தும் போடமாட்டேன். எனக்கு அந்தக் கடை வேண்டும்."

மதாம் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்பாடா, வந்துவிட்டீர்கள்," என்றார். "இந்த மனிதரைத்தான் எனக்குத் தெரியும். அன்றைக்குக் கடையில் உங்களுக்கு ஏதோ சுகமில்லை என்று நினைத்தேன். பதினேழு வருடத்தில் நீங்கள் ஒருநாளும் பார்ப்போம் என்று சொன்னதில்லை. வாடகை கூட்டவா என்றால், நோன். முன்கதவை மாற்றவா என்றால், நோன். வெட்டியது வெட்டியதுதான். நீங்கள் அன்று பார்ப்போம் என்றதும், சரி, மனிதர் களைத்துவிட்டார், விட்டுத்தரப் போகிறார் என்று எண்ணினேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொற்கள் விளங்கின, அவர் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்பது விளங்கவில்லை.

"அந்த முதல் பனிக்காலம் நினைவிருக்கிறதா?" என்றார் மதாம். "மிளகாய் வறுக்கிற மணத்துக்கு மேல்மாடிக்காரர் முறைப்பாடு. மாத முடிவோடு வெளியேறுங்கள் என்று சொல்ல வந்தேன். என் கணவர் காரில் காத்திருந்தார். நீங்கள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. பக்கத்தில் அந்தச் சின்னப்பிள்ளை நிமிர்ந்து நின்று, 'அப்பா நோன் என்கிறார். நாங்கள் போகமாட்டோம். மணம் வெளியே போக அப்பா காற்றாடி பூட்டுவார்' என்றது. பின்னால் நீங்கள் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். கையில் அந்தக் கடினமான வளையத்தை வேறு தந்தீர்கள். போகச் சொன்னவளுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டு போகமாட்டேன் என்கிற ஆளை அசைக்க முடியாது என்று கணவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து உங்களில் எனக்கு மரியாதை."

அந்த நாள் எனக்கும் நினைவிருந்தது. மதாம் என்னவோ நீளமாகச் சொன்னார். ஆரணி என்னிடம் திரும்பி, "அப்பா, மதாம் சுகமோ எண்டு கேக்கிறா. ஒரு காத்தாடி பூட்டினா நல்லம் எண்டுறா," என்றாள். என்ன நல்ல மனுசி என்று நினைத்துத்தான் முறுக்குக் கொடுத்தேன். அடுத்த கிழமையே காற்றாடியும் பூட்டினேன்.

கடிதத்தை மதாம் என் கண்முன்னால் கிழித்தார். ஐந்து வருடத்துக்குப் புது ஒப்பந்தம் எழுதச் சொல்கிறேன் என்றார். லூக் வருத்தப்பட மாட்டானா என்று கேட்டேன். "அவன் இதுவரை எனக்கு ஒரு கோப்பி போட்டுத் தந்ததில்லை," என்றார்.

8

கடைக்கு வந்து ஆரணிக்கு எடுத்தேன். கடை விசயத்தைக் கேட்டு அவள் சத்தம் போட்டுச் சந்தோசப்பட்டாள். பிறகு நான் கேட்டேன்.

"முதல் பனிக்காலம் மதாம் வந்தவ. என்ன சொன்னவ எண்டு உனக்கு நினைவிருக்கோ?"



"இருக்கு. அவ சொல்லிட்டாவோ?"

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீங்கள் பாப்பம் எண்டிருப்பீங்கள், அப்பா."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை. நான் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் சொல்லிவிட்டு, எனக்குச் சுகம் விசாரித்ததாகச் சொல்லியிருக்கிறாள்.

"உனக்குப் பயமா இருக்கேல்லையோ?"

"பயம்தான். நான்தானே போகமாட்டம் எண்டு சொன்னனான். அவ ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து பூட்டிப்போடுவா எண்டு நினைச்சனான். பள்ளிக்கூடம் விட்டு வரேக்கை, நேரை வரமாட்டன். மூலையிலை, அந்த வங்கிக்குப் பக்கத்திலை நிண்டு, கடை திறந்திருக்கோ எண்டு எட்டிப் பாத்திட்டுத்தான் வருவன்."

"எவ்வளவு நாள்?"

"பிறகு பழகிட்டுது அப்பா. பல்கலைக்கழகத்தாலை வரேக்கையும் பாப்பன். வேலையாலை வரேக்கையும்."

"எதுவரைக்கும், பிள்ளை?"

"ஒட்டாவாவுக்கு வெளிக்கிட்ட நாள் வரைக்கும்."

கடைக்குள் யாரோ வந்து தேங்காய்ப்பால்மா கேட்டார்கள். கையைக் காட்டி நிற்கச் சொன்னேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வங்கி மூலை தெரிந்தது, அங்கே யாரும் நிற்கவில்லை.

"கடை திறந்துதான் கிடக்கு, பிள்ளை," என்றேன்.